அலெக்சாந்திரியாக்கள்

கி.மு. 331ஆம் ஆண்டில் எகிப்தின் கடற்கரையில் மாசிடோனிய மன்னன் அலெக்சாந்தர் ஸ்தாபித்த அலெக்சாந்திரியா, தன் கலங்கரை விளக்கத்தாலும் நூலகத்தாலும் உலகப் பிரசித்தி அடைந்துவிட்டபடியால், அவன் படை நடத்திச் சென்ற வழிநெடுகத் தன் நாமத்தைச் சூட்டி நிறுவிய ஏனைய நகரங்களை நாம் மறந்தே போனோம். தஜிகிஸ்தானின் குஜந்து நகரம் அன்று 'கடைக்கோடி அலெக்சாந்திரியா'. ஜீலம் நதிக்கரையில், இறந்துபோன தன் குதிரையின் பேராலும் அவன் ஓர் ஊரைச் சமைத்தான். அந்த மட்டில் நன்றியுள்ளவன்தான்! ஆனால் அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில், பொடோமக் நதியோரம் 1749இல் எழுந்த அலெக்சாந்திரியாவுக்கும் அந்தச் சக்கரவர்த்திக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. 1669இல் 6,000 பவுண்டு புகையிலையை விலையாகக் கொடுத்து அந்நிலத்தை வாங்கிய ஜான் அலெக்சாந்தர் என்பவரின் குடும்பப் பெயரே அதற்கு வாய்த்தது.