தோவாளை டாக்டருக்குத் தாம்பரத்துப் பாடம்

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவரின் படிப்பு பட்டத்தோடு முடிவதில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இந்த நோய்க்கான முதல் வரிசை மருந்துகள் பலமுறை மாறிவிட்டன. எப்போது மருந்தைத் தொடங்குவது, எந்தப் பரிசோதனையை நம்புவது, நோயாளியிடம் எதைச் சொல்வது என்பவையும் கூடவே மாறின. பணியில் இருந்துகொண்டே இவற்றைக் கற்பதைத்தான் தொடர் மருத்துவக் கல்வி என்கிறார்கள்.

2004 ஏப்ரல் 1 அன்று அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை தொடங்கியது. அறிகுறி இல்லாதவருக்கு சி.டி.4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் 200க்குக் கீழே இறங்கினால்தான் மருந்து என்பது அப்போதைய பொது விதி. பிறகு அந்த வரம்பு 350 ஆயிற்று, 500 ஆயிற்று. 2017இல் வரம்பே போய்விட்டது. தொற்று உறுதியானால் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு. 2004இல் பயிற்சி பெற்று அத்தோடு நின்றுவிட்ட மருத்துவர், நன்றாக இருக்கும் நோயாளியைப் பார்த்து 'எண்ணிக்கை இறங்கட்டும், பிறகு வாருங்கள்' என்பார். அன்று அது சரியான சொல். இன்று அது நோயாளியின் ஆயுளைக் குறைக்கும் பிழை.

மருந்துகளின் கதையும் அப்படித்தான். தொடக்கத்தில் கொடுத்த ஸ்டாவுடின் பலரின் கன்னத்துக் கொழுப்பைக் கரைத்தது, பாதங்களில் எரிச்சலைக் கொண்டுவந்தது. ஒட்டிய கன்னத்தை வைத்தே ஊர் ஆளை அடையாளம் கண்டுகொண்டது. 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைக் கைவிடச் சொன்னது. கூடவே கொடுத்த நெவிரபினை முதல் இரண்டு வாரம் ஒரு வேளை மட்டும் தந்து, தோலில் தடிப்பு வருகிறதா என்று பார்த்த பிறகே இரண்டு வேளையாக்க வேண்டும். அடுத்து வந்த எஃபாவிரென்ஸை இரவு படுக்கும்போது போடச் சொன்னார்கள். தலைசுற்றலும் கெட்ட கனவும் அதன் இயல்பு.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பூச்சந்தை ஊரான தோவாளையில் இந்தக் கடைசி விவரத்துக்குத் தனி எடை உண்டு. ஊர் விழிப்பதே பூவுக்காகத்தான். விடியும் முன் பிச்சியும் அரளியும் கேந்தியும் சந்தைக்கு வந்து, எடை போட்டு, மூட்டையாகி வண்டி ஏறியாக வேண்டும். இரவு பத்து மணிக்கு எஃபாவிரென்ஸ் போட்டவர் இரண்டு மணிக்கு எழுந்து தோட்டத்துக்கோ சந்தைக்கோ போனால் கால் தடுமாறும். அதற்குப் பயந்து மாத்திரையையே விட்டவரைக் 'கீழ்ப்படியாத நோயாளி' என்று எழுதுவது எளிது. நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கேட்பதுதான் மருத்துவம். இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதும் தொடர்கல்வியின் வேலைதான். இன்று முதல் வரிசையில் இருக்கும் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒற்றை மாத்திரையை நாளில் எந்த நேரத்திலும் போடலாம். தினமும் அதே நேரமாக இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் இந்தக் கல்வி புத்தகம் இல்லாமல் தொடங்கியது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. மாதிரிகளைச் சோதித்தது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. அப்போது இந்த நோய்க்குச் சிகிச்சை பார்த்துப் பழகிய ஆசிரியர் நாட்டில் யாரும் இல்லை. நோயாளிகளைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் கற்றார்கள். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். அது சென்னையில் நடத்திவந்த கூட்டு மருந்து கருத்தரங்கம் பல ஊர் மருத்துவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது.

இன்னொரு பள்ளிக்கூடம் சென்னையை அடுத்த தாம்பரத்தின் அரசு மருத்துவமனை. 1928இல் காசநோய் இல்லமாகத் தொடங்கிய அந்த மருத்துவமனை 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. வேறு இடங்களில் கதவடைக்கப்பட்டவர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். கூட்டு மருந்து கைக்கு எட்டாத அந்நாளில் சித்த மருந்துகளும் அங்கே கொடுக்கப்பட்டன. அத்தனை நோயாளிகளைப் பார்த்த கைகள்தான் பின்னாளில் மற்றவர்களுக்குக் கற்பித்தன. 2004இல் இலவச மருந்து தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. முதல் வரிசை மருந்து பலிக்காதவர்களுக்கான இரண்டாம் வரிசை மருந்து 2008 ஜனவரியில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் தாம்பரத்திலும்தான் முதலில் தொடங்கியது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அங்கே பயிற்சி நடந்தது.

முறையான படிப்புகளும் வந்தன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எச்.ஐ.வி. மருத்துவத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. வேலூரிலும் ஃபெல்லோஷிப் படிப்பு வந்தது. மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டில் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த நெறிமுறை. ஆனால் அரங்கில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு நிரப்பும் மணிக்கணக்கு ஒன்று, தன் நோயாளியைப் பற்றி நாலு பேரிடம் கேட்டுத் தெளிவது வேறொன்று. இரண்டாவதுதான் மனதில் நிற்கிறது.

இந்த இரண்டாவது வழியை ஒரு முறையாகவே ஆக்கியவர் டாக்டர் சஞ்சீவ் அரோரா. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஹெபடைடிஸ் சி நோயாளிகள் நிபுணரைப் பார்க்க நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 2003இல் அவர் வாராவாரம் காணொளி வழியாகக் கிராமத்து மருத்துவர்களைக் கூட்டினார். அவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்ல, எல்லோரும் சேர்ந்து விவாதித்தார்கள். 'எக்கோ' என்று பெயர் பெற்ற இந்த முறையை 407 நோயாளிகளிடம் ஆராய்ந்த முடிவுகள் 2011இல் வெளியாயின. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 விழுக்காடு, கிராமத்து மருத்துவர்களிடம் குணமானவர்கள் 58.2 விழுக்காடு. இந்தியாவில் டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி எச்.ஐ.வி. சிகிச்சைக்காக இதே முறையைக் கையில் எடுத்தது. நோயாளியின் பெயரைச் சொல்லாமல் அவருடைய நோயை மட்டும் முன்வைப்பது இதில் கட்டாயம்.

தோவாளைக்கு இது ஏன் வேண்டும்? கூட்டு மருந்து வாங்கும் இடம் நாகர்கோவிலுக்கு அந்தப்பக்கம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் பிரசவத்துக்கும் மக்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கிளினிக்குக்கோதான் போவார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் இன்று முதுமை வரை வாழ்கிறார்; எல்லோருக்கும் வரும் நோய்கள் அவருக்கும் வருகின்றன. அவருக்கு எழுதப்படும் மருந்துச் சீட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதப்போவது கூட்டு மருந்து மையம் அல்ல, உள்ளூர் மருத்துவர்தான்.

ஒரு கர்ப்பிணியை எடுத்துக்கொள்ளலாம். சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் கொடுக்கிறார்கள். வெறும் வயிற்றில் இவற்றோடு சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. டோலுடெக்ராவிரை இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும், இல்லையென்றால் எல்லாவற்றையும் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். சொல்ல ஒரு நிமிடம் ஆகும். சொல்லாமல் விட்டால் வைரஸ் மீண்டும் பெருகி, குழந்தைக்கும் தொற்றக்கூடும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் டோலுடெக்ராவிர் எடுப்பவருக்கு மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மருந்து இரத்தத்தில் கூடுதலாகச் சேரும். நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. காசநோய் வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால் நிலைமை தலைகீழ். அது டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் மாத்திரை வேண்டும், ரிஃபாம்பிசின் நின்று இரண்டு வாரம் வரைக்கும். சித்த வைத்தியமும் வர்மமும் வேரூன்றிய மாவட்டம் இது என்பதால் நாட்டு மருந்து எடுக்கிறீர்களா என்றும் கேட்டாக வேண்டும். முகம் சுளித்துக் கேட்டால் உண்மை வராது.

செவிலியருக்கும் ஆய்வக நுட்பநருக்கும் தனிப் பாடம் உண்டு. ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, விரலை வாயில் வைக்கக் கூடாது. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. மொத்தம் 28 நாள். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி இந்த மருந்தும் பாதுகாப்புப் பயிற்சியும் ஊழியருக்கு நிறுவனம் தரவேண்டிய கடமை. பயம் போனால்தான் பாகுபாடு போகும். தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்த செவிலியர், காயத்துக்குக் கட்டுப்போட வந்தவரைக் காத்திருக்க வைக்க மாட்டார்.

மருந்தைப் போலவே பேச்சும் கற்க வேண்டியது. ஒழுங்காக மாத்திரை எடுத்து, வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. 2016இலும் 2019இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகளில், அந்த நிலையில் இருந்தவர்களிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. கல்யாணம், குழந்தை என்று கேட்டு வரும் இளைஞனிடம் இதைத் தயங்காமல் சொல்ல மருத்துவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரின் தொற்றை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. பூச்சந்தையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். புறநோயாளிச் சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதும் மூன்று எழுத்துகள் மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவரும்.

கூட்டு மருந்து மையத்தில் வெள்ளை அட்டை ஒன்று இருக்கும். நோயாளியின் கையில் பச்சைப் புத்தகம் ஒன்று இருக்கும். எந்த மருந்து, எப்போது மாறியது, கடைசி சி.டி.4 எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. உள்ளூர் மருத்துவர் கதவைச் சாத்திவிட்டு, 'வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா' என்று மெதுவாகக் கேட்டால் அந்தப் புத்தகம் பையிலிருந்து வெளியே வரும். அதைப் படிக்கத் தெரிவதும், புரியாத இடத்தில் ஆசாரிப்பள்ளத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வதும் அவருக்கான தொடர்கல்வி.