பிராட்லாவின் ஆறு ஆண்டுகள்

சென்ற வாரம் பார்த்த ஹோலியோக், மேடையில் கடவுளை இகழ்ந்தார் என்று 1842இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றவர். அடுத்து வந்த சார்லஸ் பிராட்லா ஊர் ஊராகப் போய் நாத்திகம் பேசினார், கூட்டமும் கூடியது. பேசுகிறவன் பேசட்டும் என்று இங்கிலாந்து ஓரளவு விட்டுவிட்டது. 1880இல் நார்தாம்ப்டன் மக்கள் அவரை எம்.பி. ஆக்கியபோதுதான் வம்பு வந்தது.

சபையில் அமரக் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வேண்டும். நீதிமன்றத்தில் நாத்திகர் உறுதிமொழி சொன்னால் போதும் என்று அப்போதே சட்டம் இருந்தது. அதையே இங்கும் ஏற்கச் சொன்னார் பிராட்லா. மறுத்தார்கள். சரி, சத்தியமே செய்கிறேன் என்றார். கடவுள் இல்லை என்கிறவன் வாயில் கடவுள் பெயரா என்று அதையும் தடுத்தார்கள். வெளியேற மறுத்தவரை ஜூன் 23 இரவு பிக் பென் கோபுரத்தில் அடைத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் போலீஸ்காரர்கள் சபை வாசலிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். 1882இல் தானே புதிய ஏற்பாட்டை எடுத்து வைத்துச் சத்தியம் செய்துகொண்டார். சபை பதவியைப் பறித்தது. ஒவ்வொரு இடைத்தேர்தலிலும் நார்தாம்ப்டன் அவரையே ஜெயிக்க வைத்தது. செருப்புத் தைப்பவர்கள் நிறைந்த ஊர். பிடிவாதமும் நிறையவே இருந்திருக்கிறது.

மேலே ஒருவன் பார்க்கிறான் என்ற பயம் இல்லாதவன் கொடுக்கும் வாக்கு எப்படி நிற்கும்? எதிர்த்தவர்களின் கேள்வி இதுதான். கற்பூரத்தை அடித்துச் சத்தியம் வாங்குகிற நமக்கு இது புரியாததல்ல. ஆனால் பிராட்லா பொய்யராக இருந்திருந்தால் முதல் நாளே நாலு வார்த்தை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். நம்பிக்கையற்றவர் என்று ஊரறிந்த ஜான் மார்லி (மின்டோ-மார்லி சீர்திருத்தத்தின் மார்லிதான்) 1883இல் சத்தியம் செய்து அமர்ந்தார், தடையில்லை. ஆக, குற்றம் நம்பாததில் இல்லை, அதை உரக்கச் சொன்னதில்தான் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

அவருக்காக எழுந்தவர் பிரதமர் கிளாட்ஸ்டன், ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். விரும்பியவர் உறுதிமொழி சொல்லலாம் என்ற மசோதாவுக்காக 1883 ஏப்ரலில் பேசினார். யூதர்களை ஏற்கெனவே அனுமதித்தாயிற்று. இனி ஏதோ ஒரு கடவுளை ஒப்புக்கொண்டால் போதும் என்கிறீர்கள். மனித வாழ்வை ஏறெடுத்தும் பாராமல் எங்கோ கிடக்கும் தெய்வத்தை நம்புகிறவரும் உள்ளே வரலாம். அப்படியானால் இந்தத் தடை யாருடைய மதத்தைக் காக்கிறது? லத்தீன் கவி லுக்ரீஷியஸின் வரிகளைச் சொல்லி இதை விளக்கினார். நாத்திகருக்காக ஒரு பக்தர் பேசியதில் இதற்கு இணையாக நான் எதையும் படித்ததில்லை. மசோதா மூன்று ஓட்டில் தோற்றது.

1886இல் சபாநாயகர் பீல், சத்தியம் செய்ய வருபவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று சொல்ல, பிராட்லா அமர்ந்தார். 1888இல் உறுதிமொழிச் சட்டத்தை அவரே நிறைவேற்ற வைத்தார். மறு ஆண்டு பம்பாய் காங்கிரசுக்கு வந்தார். 1891இல் அவர் இறந்தபோது, லண்டனில் படித்துக்கொண்டிருந்த காந்தி இறுதிச் சடங்குக்குப் போனார்.

ஆனால் அவரோடு ஒரே மேடையில் நாத்திகம் பேசிய அன்னி பெசன்ட், 1889இல் பிரம்மஞான சபையில் சேர்ந்துவிட்டார். அந்தப் பாதை அடையாறு வரை வந்த கதை அடுத்த வாரம்.