தேக்கடிக் காட்டின் வழிகாட்டிகள்

தேக்கடி அமைந்துள்ள பெரியாற்றுப் புலிகள் காப்பகத்தில் வளரும் வயணா, கருவாப்பட்டை மரத்துக்கு நெருங்கிய இனம். அதன் பட்டை நல்ல விலைக்குப் போனதால், குமுளியைச் சுற்றி வாழ்ந்த சிலர் ஒரு காலத்தில் களவாகக் காட்டுக்குள் புகுந்து அதை உரித்து விற்றனர். இலைகள் ஆக்கும் உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் திசு பட்டையின் உட்புறத்தில்தான் அமைந்திருக்கிறது. அடிமரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து மரமே பட்டுப்போகும்.

1990-களின் இறுதியில், இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், கேரள வனத்துறை அவர்களைக் காவலுக்கும் வழிகாட்டலுக்கும் அழைத்தது. அவர்கள்மீதிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. கள்ளத்தடம் ஒவ்வொன்றையும் அறிந்தவர்கள் அவர்களே என்பதால், அந்த அறிவே பயிற்சிக்கு அடித்தளமாயிற்று. இதைவிடச் சிறந்த தொடக்கம் இருந்திருக்க முடியாது என்பது என் துணிபு.

தேர்ந்த வழிகாட்டி ஈரமண்ணில் பதிந்த ஒரு தடத்தருகே குனிகிறார். புலி நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆதலால் அதன் தடத்தில் நகக்குறி இராது. செந்நாயின் தடத்திலோ நகமுனைகள் தெளிவாகத் தெரியும். மிளாவின் எச்சரிக்கைக் குரல் கேட்டால் நின்றுவிடுகிறார். யானைக்கூட்டம் இருக்கும் திசை நோக்கிக் காற்று வீசினால், மனித வாடை எட்டுமுன் பயணியரை வேறு வழியில் திருப்புகிறார். பட்டறிவால் கண்டதற்குக் காரணம் சொல்லக் கற்பிக்கும் இடத்தில்தான் சூழலியல் பயிற்சி தன் பணியைச் செய்கிறது.

ஆனால் பயிற்சி காட்டுநடையோடு நின்றுவிடலாகாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணியர் ஒரு பக்கமாகத் திரண்டதாக அன்றைய செய்திகள் கூறின. படகின் கட்டமைப்பிலும் குறைகள் சுட்டப்பட்டன. மேல்தளத்தில் ஆள் கூடக்கூடப் படகின் ஈர்ப்பு மையம் உயரும். அந்நிலையில் எடை ஒருபுறம் ஒதுங்கினால், சாய்ந்த படகை நிமிர்த்தும் விசை போதாமற்போகும். இருக்கையை விட்டு எழாதீர் என உறுதியாகச் சொல்வதும், உயிர்காப்பு உடையை அணிவித்த பின்னரே கரையை விட்டகல்வதும் படகோட்டியின் தொழிற்கல்வியில் முதற்பாடமாக வேண்டும்.

காட்டைக் காப்பதன் பயன் பயணியரோடு முடிவதில்லை. இந்த ஏரி 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையால் உருவானது. இதன் நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே இறங்கித் தேனி, மதுரை வயல்களை நனைக்கிறது. மழையைப் பிடித்து மெல்ல விடும் காட்டுமண் கெட்டால், கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் வாடும்.

எனவே வண்டி ஓட்டுநர், விடுதிச் சமையலர், பயண முகவர் ஆகியோரையும் பயிற்சிக்கு அழைக்க வேண்டும். காட்டுச்சாலையில் ஒலிப்பான் அடிப்பவரும், விடுதிக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டிப் பன்றிகளையும் குரங்குகளையும் பழக்குபவரும் வழிகாட்டிகள் அல்லர். பயணத்துறைப் பட்டப்படிப்பில் சூழலியலைக் கட்டாயத் தாளாக்கி, அதன் செய்முறை வகுப்பைக் காட்டுக்குள் நடத்தும் பொறுப்பை, உரிய ஊதியத்தோடு, இத்தகைய வழிகாட்டிகளிடமே ஒப்படைக்க வேண்டும்.