டெஸ்ட்ல பாஸ் ஆன விமானம் வானத்துல ஏன் உடைஞ்சது?

பக்கத்துல ஜெம் கிளிப் இருந்தா எடுங்க. இழுத்தா அறுக்க முடியாது. அதையே முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருங்க, கொஞ்ச நேரத்துல பட்டுனு உடைஞ்சிடும். இதுதான் உலோகச் சோர்வு. நாங்க காலேஜ்ல ஃபட்டீக்னு படிச்சது.

கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சுமை திரும்பத் திரும்ப வந்தாலும் இது நடக்கும். துளை, கூரான மூலை, கீறல் இருக்கிற இடத்துல அழுத்தம் குவியும். அங்க ஒரு நுண்ணிய விரிசல் பிறக்கும். ஒவ்வொரு சுமைக்கும் துளித்துளியா வளரும். மிச்ச உலோகத்தால தாங்க முடியாத அன்னிக்கு ஒரே நொடியில பிளந்துடும்.

1952-ல சேவைக்கு வந்த பிரிட்டனோட காமெட்தான் உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். உயரத்துல காத்து கம்மிங்கறதால கேபினுக்குள்ள அழுத்தத்தை ஏத்தணும். அதனால ஒவ்வொரு பயணத்துலயும் அதோட உடல் பலூன் மாதிரி லேசா உப்பிச் சுருங்கும். 1954 ஜனவரி 10, இத்தாலியோட எல்பா தீவு பக்கத்துல ஒரு காமெட் நடுவானில் சிதறியது. 35 பேர் இறந்தாங்க. ஏப்ரல் 8, நேப்பிள்ஸ் அருகே இன்னொன்னு. 21 பேர்.

ஃபார்ன்பரோவில வேறொரு காமெட்டைத் தண்ணித் தொட்டிக்குள்ள வெச்சு, அழுத்தத்தை ஏத்தி இறக்கிப் பார்த்தாங்க. அது ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057-வது சுற்றுல உடல் கிழிஞ்சது. எல்பாவுல விழுந்தது வெறும் 1,290 தடவைதான் பறந்திருந்தது.

அப்போ முன்னாடியே டெஸ்ட் பண்ணலையா? பண்ணாங்க. அந்த மாதிரி உடல் 10,000 சுற்றுக்கு மேலயே தாங்குச்சு! சிக்கல் என்னன்னா, அதே உடலை வெச்சு முதல்ல வேறொரு சோதனை நடந்திருந்தது: வழக்கமான அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. அதுல ஜன்னல் மூலைகள் நிரந்தரமா கொஞ்சம் நீண்டுடுச்சு. அழுத்தம் இறங்கினதும் சுத்தியிருந்த உலோகம் அந்த மூலைகளை அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு. அமுங்கியிருக்கிற இடத்துல விரிசல் திறக்கறது கஷ்டம். ஆக, பயணிகள் ஏறின விமானத்துக்கு இல்லாத பலம் சோதனை உடலுக்கு வந்துடுச்சு.

கோட் எழுதற எனக்கு இது நல்லாவே உறைக்குது. "என் மெஷின்ல ஓடுச்சே"ன்னு நானும் சொல்லியிருக்கேன். என் மெஷின்ல பழைய செட்டிங் ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும், அவ்வளவுதான். அங்க அதுக்கு விலை 56 உயிர்.

இப்போல்லாம் புது விமானத்துல பலச் சோதனைக்கு ஒரு உடல், சோர்வுச் சோதனைக்கு இன்னொரு உடல்னு தனித்தனியா வெச்சிருக்காங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.