கதண்டின் வீடு எங்கே?

ஜாம் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, ஒரு துணித் திரியை நுழைத்து, உள்ளே இனிப்பு நீர் ஊற்றுகிறார் ஒருவர். அகல் விளக்கின் திரி எண்ணெயை இழுப்பதுபோல இந்தத் திரி இனிப்பை மேலே இழுக்கிறது. ஒரு கதண்டு வந்து அமர்ந்து உறிஞ்சுகிறது. அது குடிப்பதில் மெய்மறந்திருக்கும்போது, அதன் முதுகில் பேனாவால் வெள்ளைப் புள்ளி வைக்கிறார். (எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.) அது பறந்ததும் திசையைக் குறித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இடம், பிரான்ஸ் கரையை ஒட்டிய ஜெர்சி தீவு. கதண்டு, மஞ்சள் கால் கொண்ட ஆசிய இனம். 2004 வாக்கில் சீனச் சரக்கோடு பிரான்ஸுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. ஐரோப்பாவில் பரவிய கூட்டம் முழுவதும் ஒரே ஒரு ராணியின் வாரிசுகள் என்கிறது மரபணு ஆய்வு! 2016இல் ஜெர்சியிலும் தென்பட்டது.

அதன் இரை தேனீ. நம்மூர்ப் பெட்டிகளில் வளரும் அடுக்குத் தேனீயின் இனத்துக்கு இந்த எதிரி பழக்கம்: கும்பலாகக் கதண்டைப் பொத்தி, உடம்பை அதிரவைத்து, 45 டிகிரிக்குச் சூடேற்றியே கொன்றுவிடும். தேனீயோ 50 டிகிரி வரை தாங்கும். ஐரோப்பியத் தேனீக்கு இந்த வித்தை சரியாகக் கைவரவில்லை.

ஆகவே மனிதர்கள் இறங்குகிறார்கள். அயல் உயிரினம் வேரூன்றாமல் தடுப்பதை உயிரிப் பாதுகாப்பு என்பார்கள். தோட்டத்துக்கு ஓர் அதிகாரியை நிறுத்த முடியுமா? தோட்டக்காரர்களே படம் எடுத்து அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அது வேறு ஏதாவது பூச்சிதான். பரவாயில்லை. தப்பவிடும் ஒரு கூட்டிலிருந்து இலையுதிர் காலத்தில் நூற்றுக்கணக்கான இளம் ராணிகள் கிளம்பலாம்.

கடிகாரக் கணக்கு எளிது. கதண்டு போய்த் திரும்ப ஆகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் சுமார் 100 மீட்டர். நாலு நிமிடம் என்றால் கூடு 400 மீட்டர் தொலைவில் இருக்கலாம். கூட்டுக்குப் போய், கொண்டுபோனதை இறக்கிவிட்டு அது திரும்பும் நேரத்தில், நாம் வேகமாக நடந்தால் கூட்டடிக்கே போய்விடுவோம்! இன்னோர் இடத்தில் பாட்டில் வைத்து, அங்கிருந்து பறக்கும் திசையையும் வரைபடத்தில் கோடாக இழுத்தால், இரண்டும் வெட்டும் இடம் கிடைக்கும். பாட்டிலை அதை நோக்கி நகர்த்த நகர்த்த நேரம் குறையும்.

ஒரு நிமிடத்துக்குள் புள்ளிக்காரர் திரும்பிவிட்டால் நகர்த்துவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்க வேண்டும். மர உச்சியில், இலைகளுக்குள், மரநாரை மென்று காகிதம்போல் கட்டிய கூடு தொங்கும். சில சமயம் தண்ணீர்க் குடத்தைவிடப் பெரிதாக.