எஞ்சின் நின்றால் மருந்து யார் வயலில்?

என் மாந்தோப்பு ராஜபாளையத்துக்கு மேற்கே. அதற்கும் மேற்கே ஒட்டினாற்போல் இருக்கும் வயலுக்கு இந்த வருசம் ட்ரோனில் மருந்தடிக்க வந்தார்கள். "பாதியில நின்னுட்டா என்னப்பா செய்யும்?" என்று கேட்டேன். "அதுவா இறங்கிக்கும் சார்" என்றார் ஓட்ட வந்த தம்பி. எங்கே இறங்கும் என்பதுதானே என் கேள்வி! ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து நண்பர்களும் இதையே கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

மருந்தடிக்கும் விமானம் நமக்குப் புதுசில்லை. எச்ஏஎல் நிறுவனம் 'பசந்த்' என்று ஒன்றைச் செய்தது. 1972இல் முதலில் பறந்தது, 39 விமானங்களோடு 1980இல் உற்பத்தி நின்றது. இந்த வகை விமானங்கள் பயிருக்கு மேல் பத்துப் பன்னிரண்டு அடியில் பறக்கும். உயரத்தில் எஞ்சின் நின்றால் சறுக்கிக்கொண்டே இடம் தேடலாம். பத்தடியில் ஏது நேரம்? மிச்சமிருக்கும் வேகத்தில் கொஞ்சம் மேலேற்றி, எதிரே தெரியும் வயலில் இறக்க வேண்டியதுதான். கூடவே விமானி ஒரு லீவரை இழுப்பார். தொட்டியின் அடிக்கதவு திறந்து மருந்து மொத்தமும் கீழே கொட்டும். பாரம் குறைந்தால்தான் அவர் பிழைக்க வழி. அமெரிக்காவில் குடியிருப்புகளுக்கு மேல் தெளிக்கும் விமானம், பாரத்தில் பாதியையாவது 45 நொடிக்குள் கொட்டும்படி இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாமும் இழுப்போம். ஆனால் கீழே இருக்கிற வயல்காரர்?

காசர்கோட்டில் விபத்துகூடத் தேவைப்படவில்லை. முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பானின் பாதிப்பை அந்த ஊர்கள் இன்னும் சுமக்கின்றன. நாடு முழுக்க அதற்கு உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011இல்தான்.

ட்ரோன் தொட்டி சிறிசு, பெரும்பாலும் 10 லிட்டர். ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை இதில் 10 லிட்டரிலேயே கலக்கிறார்கள். விழுந்து உடைந்தால் ஒரு ஏக்கர் மருந்தும் ஒரே மரத்தடியில். மாமரத்துக்கு இயற்கைச் சான்றிதழ் வாங்கவே மாறுகாலம் 3 வருசம். எச்சம் தெரிந்தால் அதை மறுபடி எண்ண வேண்டி வரலாம். "வராவிட்டால் யார் பொறுப்பு" என்று கேட்டுக்கேட்டே கடன் கொடுத்துப் பழகிய வங்கிக்காரனுக்குத் தூக்கம் வருமா?

விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. பேட்டரி குறைந்தாலோ சிக்னல் அறுந்தாலோ ட்ரோன் பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே நேர்க்கோட்டில் திரும்பும். விசிறி உடைந்தால் இருக்கிற இடத்திலேயே விழும். அதனால் பக்கத்து வயல்காரரிடம் இரண்டு கேட்டேன். ட்ரோன் மேற்கு வரப்பிலிருந்து கிளம்பட்டும், திரும்பும் பாதை என் தோப்புக்கு மேல் வராது. என் வேலியோரம் நாலு வரிசைக்கு கைத்தெளிப்பான் போதும். சிரித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடிக்கும்போது மருந்தடிக்க வேண்டாம் என்றதற்கு மட்டும் "பூச்சி காத்தைப் பாத்தா வருது, அண்ணாச்சி?" என்கிறார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.