கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

சத்தம் போடாமல் வாங்க. சென்னை அண்ணா நகரில் ஒரு கோச்சிங் சென்டர், மூன்றாவது மாடி. பிப்ரவரி மாத ஞாயிறு, காலை எட்டரை மணி. இன்றைக்கு இங்கே மாக் இன்டர்வியூ. ஐ.ஐ.எம்.களிலிருந்து கால் லெட்டர் வந்திருக்கும் பிள்ளைகளை, நிஜ பேனல் முன்னால் போய் உட்காருவதற்குள் ஒரு தடவை இங்கே உட்காரவைத்து வறுத்தெடுத்துவிடுவார்கள். பெற்றோருக்கே அனுமதி இல்லாத இடம் இது. எனக்குக் கிடைத்துவிட்டது! நிபந்தனை இரண்டுதான்: யார் பெயரையும் எழுதக்கூடாது, நடுவில் வாயைத் திறக்கக்கூடாது. இந்தக் காட்சிக்காக நாள் முழுக்க ஊமையாக இருக்கவும் தயார்.

வெளியுலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் தேர்வுதான். 2024 நவம்பர் 24 அன்று அதை எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியில் மாட்டிக்கொண்டால் அடுத்ததற்குத் தாவ முடியாது. சரிக்கு மூன்று மார்க்; விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தப்பானால் ஒன்று போச்சு. பிறகு பர்சென்டைல், பேப்பரில் போட்டோ, தெருமுனையில் பேனர். அந்தப் பர்சென்டைலுக்கும் அட்மிஷனுக்கும் நடுவில் சில மாதம் இருக்கிறதே, அதை யாரும் படம் எடுப்பதில்லை. நாம் இப்போது நிற்பது அதற்குள்ளேதான்.

முதலில் பின்பக்க அறைக்குப் போவோம். ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் லேபாக இருந்திருக்க வேண்டும். மூலையில் இன்னும் மானிட்டர் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. இன்றைக்கு அது ஒப்பனை அறை. நாற்காலி முதுகுகளில் கோட்டுகள். தரையில் பைகள், ஷூ பெட்டிகள், பாதி தின்ற பன். சுவரில் யாரோ பென்சிலால் எழுதிய நிகழ்தகவுச் சூத்திரம். தீயணைப்பு சிலிண்டர் மேல் ஒரு போனைச் சாய்த்துவைத்து, டை கட்டுவது எப்படி என்று யூடியூப் ஓடுகிறது. அதைப் பார்த்துப் பார்த்து மூன்று பேர் கழுத்தை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் முடிச்சு விழவில்லை.

“தள்ளு, நான் கட்டுறேன்” என்று ஒரு பெண் வந்தாள். ஸ்கூலில் தினமும் தம்பிக்கு டை கட்டிவிட்ட கை அது. பத்து நொடிக்கு ஒன்று என்று மூன்று கழுத்தையும் முடித்துவிட்டு, வாயில் ஊக்கைக் கவ்வியபடி தன் புடவை மடிப்புக்குத் திரும்பிவிட்டாள். அவள் டை கட்டிவிட்ட மூவரில் ஒருவனுக்கும் அவளுக்கும் ஒரே ஐ.ஐ.எம்.மிலிருந்து கால் வந்திருக்கிறது. சீட்டுக்கு நேர்ப் போட்டி. முடிச்சைச் சரிபார்த்து, “காலர் மடிஞ்சிருக்கு பாரு” என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறாள்!

மேஜை மேல் கிடக்கும் பைல்களைப் பாருங்கள். இதில்தான் ஒவ்வொருவரின் இருபது சொச்ச வருஷமும் அடங்கியிருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ, செமஸ்டர் மார்க் ஷீட்டுகள், கல்லூரி விழாவில் வாலன்டியராக இருந்த சான்றிதழ், எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ். ஒரு பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் கெட்டியாக லேமினேஷன் செய்யப்பட்டிருந்தது. ஒரிஜினலை லேமினேட் செய்யலாமா என்று அடுத்தவன் பதற, “பாட்டி பண்ணிட்டாங்கடா, கிழிஞ்சிடும்னு” என்றான் அவன். அந்த பிளாஸ்டிக் மேல் விபூதிக் கறை இன்னும் இருக்கிறது. அந்த மார்க்கும் சும்மா இல்லை. யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும்போது, பெரும்பாலான ஐ.ஐ.எம்.களில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க்குகளுக்கும் எடை உண்டு. பதினைந்து வயதில் எழுதிய பரீட்சை இத்தனை வருஷம் கழித்து வந்து கணக்குக் கேட்கிறது. எனக்கு இது கொஞ்சம் கொடுமையாகத்தான் படுகிறது.

இவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ப்ரெஷர்கள்: போன வருஷம் டிகிரி முடித்தவர்கள், அல்லது கடைசி செமஸ்டரில் இருப்பவர்கள். மிச்சப் பேர் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்தவர்கள். அவர்கள் “என் டீமில்”, “என் கிளையண்ட்” என்று ஆரம்பித்தால் ப்ரெஷர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. “எங்கிட்ட சொல்ல என்ன இருக்கு?” என்று படிக்கட்டில் ஒருவன் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அதே படிக்கட்டில், படிக்கு ஒருவராக நின்று ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’புக்கு விடை ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் குரலுக்கு மேல் ஒருவர் குரல். நடுவில் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு ஏறி வந்த அண்ணன், “வழி விடுங்க மேனேஜர்ஸ்!” என்றார். எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

ஒன்பதரை. இதோ, பேனல் அறை! ஓரமாக உட்காருவோம். மேஜைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர்: ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், ஐ.ஐ.எம்.மில் படித்துவிட்டு இப்போது பெரிய கம்பெனியில் இருக்கும் ஒரு பெண்மணி. ஏ.சி. ஓடவில்லை. மின்விசிறி சுழன்றால் பேப்பர் பறக்கிறது, நிறுத்தினால் மூச்சு முட்டுகிறது. கேள்வி பதில் எல்லாம் ஆங்கிலத்தில்தான். உங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மெக்கானிக்கல் பையன் முதலில். பிடித்த பாடம் என்ன என்றதும் ‘தெர்மோடைனமிக்ஸ்’ என்று சொல்லிவிட்டான். பேராசிரியர் தன் டம்ளரைக் காட்டினார். “என் காபி ஆறிப்போச்சு. அறையில்தான் இவ்வளவு சூடு இருக்கே, அதை எடுத்துக்கிட்டு இது தானா சூடாகுமா?” ஆகாது என்றான். ஏன்? இரண்டாம் விதி. சரி, அப்படியானால் ஏ.சி. மட்டும் எப்படி உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து, அதைவிடச் சூடான வெளியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது? பையனின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு நேராக பைல் மேல் விழுந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஐந்து நொடி, பத்து நொடி. பிறகு, “தானா தள்ளலை சார். அதுக்குத்தான் கரண்ட் பில் கட்டுறோம்” என்றான். வங்கி அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “இந்த ரூம்ல அதையும் கட்டலை போல” என்றார். சிரித்தபடியே அடுத்த கேள்வியில் ரெப்போ வட்டியைப் பிடித்துக்கொண்டு, பையனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். கோட்டின் முதுகு நனைந்து ஒட்டியபடி அவன் வெளியே போனதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்து வந்தவளை மறக்கவே மாட்டேன். கோவைக்குப் பக்கத்தில் சோமனூர், பி.காம். ஏன் எம்.பி.ஏ.? ‘என் நிர்வாகத் திறனைக் கூர்தீட்டிக்கொள்ள’ என்று மனப்பாடமாக ஆரம்பித்தாள். அந்தப் பெண்மணி கையைத் தூக்கிவிட்டார். “இன்னைக்கு இதையே மூணு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா. வேற சொல்லு. வீட்டுல என்ன பண்றாங்க?” விசைத்தறி, எட்டுத் தறி, சொந்த ஷெட். இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. பேனல் முன்னால் சொல்லக்கூடிய விஷயமா என்ற சந்தேகம்.

“துணி விலை ஏறினால் உங்கப்பாவுக்கு எவ்வளவு கிடைக்கும்?”

“ஒண்ணும் கிடைக்காது மேடம்.”

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாவு நூல் தருவது ஜவுளி உற்பத்தியாளர்கள். நெய்து கொடுத்தால் கூலி மட்டும்தான் தங்களுக்கு என்று ஆரம்பித்தாள். துணி விலை ஏறினால் லாபம் அவர்களுக்கு. நூல் விலை ஏறினால் அவர்கள் பாவு தருவதைக் குறைத்துவிடுவார்கள், தறி நிற்கும். தறி நின்றாலும் ஷெட்டுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது. அப்புறம் மின் கட்டணம். கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை எப்படி இழுக்கும், ஒப்புக்கொண்ட கூலியை யார் கொடுக்கிறார்கள், யார் கொடுப்பதில்லை... கையால் காற்றில் தறி வரைந்து காட்டியபடி பேசுகிறாள்! மனப்பாடம் செய்த பெண் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நீயே நூல் வாங்கி நெய்து வித்தா என்ன?” என்று வங்கி அதிகாரி சீண்ட, அதற்கு எவ்வளவு முதல் வேண்டும், எத்தனை நாள் பணம் முடங்கும் என்று கணக்கையே எடுத்து வைத்தாள். போன தீபாவளிக்கு அப்பாவோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தது. கட்டுப்படியாகாது என்று எடுத்து வைத்துவிட்டார்களாம்.

“இதை ஏன் எழுதிக் கொடுத்த பாரத்தில் ஒரு வரிகூடப் போடலை?” என்றார் பெண்மணி. “அது ஒர்க்-எக்ஸ் இல்லையே மேடம்” என்றாள் அவள். வேலை அனுபவம் என்ற கட்டத்தில் அது வராது, உண்மைதான். ஆனால் ‘சொல்ல என்ன இருக்கு’ என்று படிக்கட்டில் நின்று கேட்டவனை இழுத்து வந்து இந்த இருபது நிமிஷத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் துடித்தது. பேசக்கூடாதே!

மதிய இடைவேளையில் பேனல்காரர்கள் டீ போடும் மூலைக்கு வந்தார்கள். வாங்க, கிட்டே போவோம். அறைக்குள் புலியாக இருந்த வங்கி அதிகாரி தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்தபடி கேட்ட முதல் கேள்வி: “அந்த மெக்கானிக்கல் பையன் சாப்பிட்டானா? முகம் வாடிப்போச்சு.” ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். பெண்மணி தன் காலத்துக் கதையை எடுத்துவிட்டார். அவர் இரண்டு வருஷம் படித்து முடித்தபோது கையில் கொடுத்தது டிப்ளமோதான். ஐ.ஐ.எம்.கள் எம்.பி.ஏ. பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 2017-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு. “எங்கம்மா இன்னும் சொந்தக்காரங்ககிட்ட ‘டிப்ளமோ படிச்சிருக்கா’ன்னுதான் சொல்லுவாங்க” என்றார். அந்த மூலையே சிரிப்பில் ஆடியது.

சாப்பாடு முடிந்ததும் வாட், அதாவது எழுத்துத் திறன் சோதனை. முன்பெல்லாம் குரூப் டிஸ்கஷன் இருந்தது. யார் குரல் உரக்கக் கேட்கிறதோ அவர் பக்கம் காற்று. இப்போது பெரும்பாலும் ஒரு தலைப்பு, ஒரு தாள், இருபது முப்பது நிமிடம். கூச்ச சுபாவக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி என்று நினைக்கிறேன். கீபோர்டுக்குப் பழகிய விரல்கள் இரண்டாவது பத்தியிலேயே வலிக்க ஆரம்பித்துவிடுகின்றன; அறை முழுக்க மணிக்கட்டை உதறுகிறார்கள். பவுண்டன் பேனாவோடு வந்த ஒரே ஒருவனின் சட்டைக் கைமடிப்பில் நீலக் கறை. நாளைக்கு நிஜ இன்டர்வியூவுக்குப் போட வேண்டிய சட்டையாம்! இரண்டு பேர் அவனைக் கழுவும் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், ஒருத்தியின் கையில் சோப்பு, இன்னொருவன் கையில் எலுமிச்சை மூடி. கறை போகவில்லை. “கோட் கைக்குள்ள மறைஞ்சிடும், கையை மட்டும் தூக்காதே” என்று தீர்ப்பாகிவிட்டது.

ராத்திரி பத்தே கால், சென்னை சென்ட்ரல். நாலு பேருக்கு நாளை மதியம் பெங்களூரில் இன்டர்வியூ. பெங்களூரு மெயிலில் கிளம்புகிறார்கள். வழியனுப்ப நானும் வந்துவிட்டேன், நீங்களும் வாங்க. சோமனூர்ப் பெண்ணின் அப்பா துணைக்கு வருகிறார். கையில் எலுமிச்சைச் சாதக் கட்டு, நாலு பேருக்கும் சேர்த்து. வாட்ஸ்அப் விடாமல் அடிக்கிறது. இன்றைக்கே நிஜ இன்டர்வியூ முடித்தவர்கள், தங்களிடம் கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் குரூப்பில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாரும் கேட்டு வாங்கவில்லை, தாங்களாகவே போடுகிறார்கள். மெக்கானிக்கல் பையன் அதைச் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் நின்றபடியே பதில் சொல்லிப் பார்க்கிறார்கள். அப்பாவும் சொல்லிப் பார்க்கிறார், தமிழில். மற்றவர்களுடைய பதில்களைவிட எனக்கு அவருடையதுதான் பிடித்திருந்தது.

இஸ்திரி போட்ட கோட்டுகள் பிளாஸ்டிக் உறையோடு பெட்டிக் கொக்கிகளில் தொங்குகின்றன. சார்ட்டோடு வந்த டி.டி.இ. நின்று பார்த்தார். “யாருப்பா மாப்பிள்ளை?” நாலு பேரும் கை தூக்கினார்கள், அந்தப் பெண்ணையும் சேர்த்து. விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. “அப்ப நான் ஒரு கேள்வி கேக்குறேன். ரயில்வேக்கு வருமானம் அதிகம் யாரால? உங்களை மாதிரி பயணிகளாலயா, வேற எதுலயா?” என்று கேட்டுவிட்டு, விடைக்கு நிற்காமல் இறங்கி அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

பெட்டிக்குள் பெரிய வாக்குவாதம். பயணிகள்தான், இத்தனை கூட்டத்தைப் பார் என்கிறான் ஒருவன். டிக்கெட் விலை என்ன, ஆகிற செலவு என்ன என்று மெக்கானிக்கல் பையன் விரல் மடக்கிக் கணக்குப் போடுகிறான். அதற்குள் மணி அடித்து, வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்த டி.டி.இ.யைப் பார்த்து சோமனூர்ப் பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள்: “சரக்கு சார்! சரக்குதான்!”

பிளாட்பாரமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. டி.டி.இ. கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, ஓடிப்போய்த் தன் பெட்டியில் தொற்றிக்கொண்டார்.